அன்னவாசல் கிளட்சும் வாகனத் துணைக்குழுவும்

கிளட்ச் பிளேட் மாற்ற மெக்கானிக் போட்ட பில் நியாயமானதா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம். கார் வைத்திருக்கும் நண்பரைக் கேட்கலாம். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெக்கானிக்கின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். திருமயம் பக்கத்து மு.சு. வீட்டுப் பங்காளிகள் இம்மாதிரி குறுக்கு வழிகளை நம்புகிறவர்கள் அல்லர். அவர்களிடம் துணைக்குழு இருந்தது.

மு.சு. வீடு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கிற வீடு. கட்டியவர் ஒருவர். இன்றைய சொந்தக்காரர்களை ஏற்றினால் ஒரு பேருந்து பற்றாது. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அந்த வீட்டில் மட்டும் இல்லை. அதனால் வீட்டை நிர்வகிக்க ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளைக்குள் கூரைத் துணைக்குழு, கிணற்றுத் துணைக்குழு, வௌவால் துணைக்குழு. வௌவால் துணைக்குழு பல வருடங்களாக ஒரு முடிவுக்கும் வரவில்லை. வௌவால்களுக்கு இதில் வருத்தமில்லை.

இவற்றில் அதிகாரம் மிக்கது வாகனத் துணைக்குழு. பங்காளிகள் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து இறங்கும்போது திருச்சி விமான நிலையத்திலிருந்து அழைத்து வர ஒரு வெள்ளைக் கார் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதன் டிரைவர் சோலையப்பன். தண்ணீர் மோட்டார் போடுவது, பூட்டிய அறைகளைத் திறந்து காற்றாட விடுவது, மின் கட்டணம் கட்டுவது, ஆளில்லாத வீட்டுக்கு விளக்கு ஏற்றுவது எல்லாமே அவர்தான். இருபது வருட வேலை. அவரைக் கேள்வி கேட்க அத்தனை பேர் இருந்தார்கள். அவர் போய்க் கேட்க ஒருவரும் இல்லை.

பங்குனியில் அமெரிக்காவிலிருந்து கணேஷ் குடும்பத்தோடு வந்திருந்தார். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அன்னவாசல் பக்கத்தில் கார் நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை, கருகின வாடை. கணேஷ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். நாலு பேர் சேர்ந்து தள்ளி ராக்கன் என்கிற மெக்கானிக்கின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். கணேஷ் வாடகைக் காரில் போய்விட, சோலையப்பன் மட்டும் பட்டறையில் உட்கார்ந்தார்.

எங்கள் மாவட்டத்தில் முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து டீ குடித்தால், டீ ஆறுவதற்குள் எந்த வழியில் சொந்தம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் இன்னொரு டீ சொல்வார்கள். ராக்கனும் சோலையப்பனும் முதல் டீயிலேயே பங்காளி இல்லை, பெண் கொடுத்து எடுக்கிற முறைக்காரர்கள்தான் என்று தெளிந்தார்கள். ராக்கனின் மகன் உதயசூரியன் கத்தாரிலிருந்து லீவில் வந்து அப்பாவுக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தான். சோலையப்பனின் மகள் அருணா புதுக்கோட்டையில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கியர்பாக்ஸ் இறங்கிப் புது பிளேட் ஏறுவதற்குள் பெண் கேட்டாகிவிட்டது. மறுவாரம் வந்து பார்த்தார்கள். பையனைப் பார்த்த பிறகு அருணா அன்று முழுக்கத் தேவையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். லீவு முடிவதற்குள் தட்டு மாற்றிக் கல்யாணத்தையும் முடித்துவிடுவது என்று பேச்சு.

சோலையப்பன் பில்லைப் படமெடுத்து அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல செய்தியை முதலில் முதலாளி வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒரு பழக்கம். பூ வைத்த அன்று எடுத்த படத்தை அதே குழுவில், பில்லுக்கு அடியிலேயே போட்டார். "நம்ம காருக்கு கிளட்ச் மாத்துன அன்னவாசல் ராக்கன் வீட்லயே அருணாவக் குடுக்குறோம். எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணனும்" என்று எழுதினார்.

ஆசீர்வாதம் வரவில்லை. கூட்ட அறிவிப்பு வந்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜூமில். மு.சு. வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். சோலையப்பன் சட்டையை மாற்றிக்கொண்டு, வெயிலில் தொட்டியோடு தொட்டியாக நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். இறைவணக்கம் முடிந்து தலைவர் கண்ணப்பன் தொண்டையைச் செருமினார். சென்னையில் இருக்கிறார், வங்கியில் விஜிலன்ஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சோலை, ஒன்னை நாங்க சந்தேகப்படல. சந்தேகம்ங்கறது ஆளைப் பார்த்து வர்றதில்ல, அது ஒரு நடைமுறை. என் சொந்தத் தம்பி கடன் கேட்டு வந்தான். அவன் பேர்லயே ஃபைல் தொறந்தேன். தம்பி போய்ச் சேர்ந்துட்டான். ஃபைல் இன்னும் மூடல. நான் அப்படிப்பட்டவன்."

"சரிங்கய்யா" என்றார் சோலையப்பன். வேறு என்ன சொல்வது?

அடுத்துப் பேசியவர் சுந்தரேசன், கோயம்புத்தூர் ஆடிட்டர். "இது ரிலேட்டட் பார்ட்டி டிரான்சாக்‌ஷன், சோலை. அதாவது, நிறுவனத்து வேலையச் சொந்தக்காரங்களுக்கே குடுக்கறது."

"வேலை குடுக்குறப்ப அவுக யாருன்னே தெரியாதுங்கய்யா. வேலை நடக்குறப்பத்தேன் சொந்தமானோம்."

"அது இன்னும் மோசம். கியர்பாக்ஸ் கீழ எறங்கி இருக்கறப்ப உறவு உருவாகியிருக்கு. அந்த நேரத்துல பில் உன் சம்பந்தி கையில இருந்திருக்கு."

சுந்தரேசன், கண்ணப்பனுக்குச் சித்தப்பா மகன். அறக்கட்டளையின் தணிக்கை வேலையும் வருடா வருடம் அவருக்குத்தான் போகிறது. இதை யாரும் ரிலேட்டட் பார்ட்டி என்று சொல்வதில்லை, குடும்பப் பொறுப்பு என்பார்கள்.

"அய்யா, நம்ம கணேஷ் தம்பியும் அன்னைக்கு வண்டியிலதேன் இருந்தாக. அவுகளையே கேட்டுக்குங்க" என்றார் சோலையப்பன்.

கணேஷ் அமெரிக்காவிலிருந்து தலையாட்டினார். "உண்மைதான். கார் நின்னுச்சு. வாடை வந்துச்சு. நான் மூக்கைப் பொத்தினேன். ஆனா அது என்னோட அனுபவம்தான், டேட்டா கிடையாது. கிளட்ச் மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ இருக்கா?"

"தள்ளிக்கிட்டு வர்ற அவசரத்துல யாருங்க தம்பி வீடியோ எடுப்பா?"

"அப்ப பழுது இருந்ததுக்கே ஆதாரம் இல்லியே. பழுதே உறுதியாகாம பில் நியாயமான்னு எப்படிப் பார்க்கறது?"

திரையின் நாலாவது கட்டத்தில் சிங்கப்பூர் கண்ணம்மை ஆச்சி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வயதுக்கு மூத்த பெண்ணை ஆச்சி என்பது அந்த வீட்டு வழக்கம். ஆச்சியின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மைக்கைத் திறக்கச் சொல்லி மூன்று பேரும் சைகை காட்டினார்கள். அவர் அதை வாக்கெடுப்பு என்று எண்ணிக் கையைத் தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: பழைய பிளேட்டைத் திரும்ப மாட்டி, பழுதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

சோலையப்பன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ஓட்டிக்கொண்டு அன்னவாசல் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பலவிதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், எப்படிச் சொன்னாலும் கேவலமாகவே இருந்தது. ராக்கன் முழுவதும் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கெட்டதக் கழட்டிட்டு நல்லதப் போடுறது எங்க தொழிலு. நல்லதக் கழட்டிட்டுக் கெட்டதப் போடுறதுக்கும் ஒரு பேரு இருக்கு. சம்பந்தின்னு பாக்குறேன், வாயில வரக்கூடாது."

"எனக்காகச் செய்யிங்க சம்பந்தி. வேலை போயிரும்."

"செய்யிறேன். காசு எப்ப வந்தாலும் வரட்டும், அதுக்காகச் சொல்லல. ஆனா ராக்கன் போட்ட பில்லு நியாயந்தேன்னு ஒங்க மொதலாளிமாரு வாயால ஒரு வார்த்த வரணும். அது வராம நான் தட்டு மாத்த மாட்டேன். நாளப்பின்ன ஒங்க மகளே எங்க வீட்ல ஒக்காந்துக்கிட்டு, மாமனாரு களவாணியோன்னு நெனச்சுரும்ல?"

கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். ராக்கன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சோலையப்பனைக் குத்தியது. உதயசூரியன் காருக்கு அடியில் படுத்திருந்தான். அவன் லீவோ ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பிளேட் ஏறியது. கார் அன்றுபோலவே கத்தியது, அன்றுபோலவே நகராமல் நின்றது. வீடியோ போனது. எடுத்த தேதி தெரியவில்லை என்று கண்ணப்பன் திருப்பினார். அன்றைய நாளிதழைப் பம்பரில் சாய்த்து வைத்து மறுபடி எடுத்தார்கள். வீடியோவில் வாடை பதிவாகவில்லை என்று கணேஷ் குறிப்பு எழுதினார். கருகின வாடை வந்ததற்கு, டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உறவில்லாத இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், கூடவே உறவில்லாத மெக்கானிக்குகளிடம் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சாட்சிக்கு அன்னவாசல் கடைத்தெருவில் ஆள் தேடினார்கள். கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லாரும் மாமன், மச்சான், பங்காளி. உறவில்லாத ஒரே ஆள் பானிபூரி விற்க வந்த வடக்கத்திப் பையன். அவனுக்கு மூக்கடைப்பு.

சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. போன் ஒலித்தால் துள்ளி எழுந்தார், ஒலிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தார். கார் அன்னவாசலில் நின்றதால் பஸ் பிடித்தே குன்றாண்டார்கோவில் போனார். அங்கே ஆத்மநாதன் என்று ஒரு மெக்கானிக் இருப்பதாகக் கேள்வி. போகும்போதே ஒரு முடிவோடு போனார். யார் என்ன கேட்டாலும் ஊர்ப் பேரைச் சொல்வதில்லை.

"எந்த ஊருங்க நீங்க?" என்றார் ஆத்மநாதன், கொட்டேஷன் எழுதப் பேனாவைத் திறந்தபடி.

"அங்கிட்டு, தெக்க."

"தெக்கன்னா? திருமயமா, பொன்னமராவதியா?"

"அதுக்கு அங்கிட்டு."

"கோயிலு, குலசாமி?"

"சாமி எல்லாம் கும்புடுறதில்லைங்க."

சோலையப்பன் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. ஆத்மநாதன் பேனாவை மூடிவிட்டு டீ சொன்னார். டீ வந்ததும் சோலையப்பன் வேண்டாம், பித்தம் என்றார். ஆத்மநாதன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"அழகி வீட்டுக்காரர்தானே நீங்க? எங்க சின்னம்மா பேத்தியில்ல அழகி! ஒங்க கல்யாணத்துல நாந்தேன் எலை போட்டேன்! நமக்குள்ள என்ன கொட்டேஷனு, வண்டியக் கொண்டாங்க, கூலியே வேணாம்!"

கொட்டேஷன் செல்லாது என்று சுந்தரேசன் நிராகரித்தார். கூலியே வேண்டாம் என்பது சந்தை விலையைக் குலைக்கும் செயல் என்றும் காரணம் எழுதினார்.

கத்தார் போக டிக்கெட் போட்ட தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ராக்கன் வீட்டிலிருந்து பேச்சு வார்த்தை குறைந்தது. மனைவி அழகி இரண்டு தடவை போன் செய்தும் அந்தப் பக்கம் சரியாகப் பேசவில்லை. அருணா ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"அப்பா, எங் கல்யாணத்தையாப்பா அவுக மீட்டிங் போட்டுப் பேசுறாக?"

"கிளட்சத்தேன் பேசுறாக, தாயி."

"கிளட்சுக்கு எதுக்கு எம் போட்டோவக் காட்டிக்கிட்டு இருக்காக?"

பூ வைத்த அன்று எடுத்த படத்தை, அருணா முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இணைப்பு எண் மூன்று என்று கோப்பில் சேர்த்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார்கள். சோலையப்பனுக்கு அவமானமாக இருந்தது. தன்னை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், பெண்ணின் படத்தில் வட்டம் போட்டுப் பார்க்க இவர்கள் யார் என்று முதல் தடவையாக அவருக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த கூட்டத்தில் சுந்தரேசன் வரைவுத் தீர்மானத்தை வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரலில் ஒரு நிறைவு இருந்தது.

"சாட்சியும் கொட்டேஷனும் அமையாத நிலையில், அன்னவாசல் பில்லைத் தீவிரமாகப் பரிசீலித்ததில், சாமான் விலையும் கூலியும் சரியாகவே உள்ளன. எனவே பில் நியாயமானது. ஆனால் மேற்படி மெக்கானிக்கின் மகனுக்கும் மேற்படி டிரைவரின் மகளுக்கும் திருமணம் நடந்தால், அன்று முதல் பில் நியாயமற்றதாகும். ஆகவே தணிக்கை முடியும் வரை, அதாவது அடுத்த நிதியாண்டு வரை, மேற்படி திருமணத்தைத் தள்ளிவைக்குமாறு இக்குழு வேண்டிக்கொள்கிறது."

"பையன் அடுத்த வாரம் கத்தாருக்குப் போறான்யா" என்றார் சோலையப்பன். "பில்லு நியாயம்னு நீங்க சொன்னாத்தேன் அவுக தட்டு மாத்துவாக. தட்டு மாத்துனா பில்லு நியாயமில்லன்னு சொல்றீக. எங்கிட்டுத்தேன்யா நாங்க போறது?"

"பாரு, ஒரு நியாயத்தை எவ்வளவு அழகாச் சுருக்கிச் சொல்லிட்டான்" என்று கண்ணப்பன் மகிழ்ந்தார். "இதை மினிட்ஸ்ல சேர்த்துக்கலாம். சோலை, நாங்க கல்யாணத்துக்கு எதிரி இல்ல. நல்லது நடக்கறதை நாங்க எப்பவும் தடுத்தது கெடையாது. தள்ளித்தான் வச்சிருக்கோம்."

அப்போது கண்ணம்மை ஆச்சியின் மைக் தானாகத் திறந்துகொண்டது. சோலையப்பனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. ஆச்சி அருணாவுக்குச் சின்ன வயதில் சட்டை எடுத்துக் கொடுத்தவர்.

"ஏன் கண்ணப்பா" என்றார் ஆச்சி, "நம்ம காரு வெள்ளையா? நான் நீலம்னு நெனச்சுல்ல இத்தனை நாளாக் கையத் தூக்கிக்கிட்டிருந்தேன்!"

நிறம் குறித்து ஆச்சியின் விளக்கம் பதிவு செய்யப்பட்டது.

தொட்டி ஓரத்தில் வெயில் ஏறியிருந்தது. போன் கையைச் சுட்டது. சோலையப்பன் கீழே பார்த்தார். நடுமுற்றமான வளவு முழுக்க அவர் கழுவி விட்ட தரை. அந்த வீட்டை அவருக்குப் பிடிக்கும், சொந்தக்காரர்கள் யாரையும்விட அவர்தான் அதிக நாள் அங்கே இருந்திருக்கிறார். அவருக்கு இப்போது ஒன்று பிடிபட்டது. ராக்கன் மெக்கானிக்காக இருப்பதிலோ அருணா அங்கே வாழப்போவதிலோ சிக்கல் இல்லை. நடுவில் தான் இந்த வீட்டு டிரைவராக இருப்பதுதான் சிக்கல்.

"அய்யா, நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன். இப்பவே. நான் ஒங்க ஆளு இல்லன்னா, யாரு யாருக்குச் சொந்தமானா என்ன? பில்லு நியாயந்தேனே?"

திரையில் சுந்தரேசன் சட்டப் புத்தகம் எதையோ புரட்டிவிட்டு, "டெக்னிக்கலா கரெக்ட்" என்றார்.

கண்ணப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீ கோவத்துல சொல்றியா, யோசிச்சுச் சொல்றியா? மினிட்ஸ்ல எழுதணும்."

"ரெண்டுந்தேன்னு எழுதிக்கிங்க."

ராஜினாமா ஏற்கப்பட்டது. பில் நியாயமானது என்று அடுத்த மூச்சிலேயே அறிவிக்கப்பட்டது. பழுதைத் திரும்ப வைத்த செலவும் அதை மறுபடி சரிசெய்யும் செலவும்கூட எந்தக் கேள்வியும் இல்லாமல் அனுமதிக்கப்பட்டன. ஒரு பில்லின் நேர்மையைக் காப்பாற்ற வேலையைத் துறந்த உத்தம ஊழியர் என்று பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். இப்படிப்பட்ட ஆளை வேலையில் வைத்திருந்ததற்காகத் தங்களையும் ஒரு வரி பாராட்டிக்கொண்டார்கள்.

அறிவிப்பின் பதிவைச் சோலையப்பன் அனுப்ப, ராக்கன் தன் போனில் இரண்டு தரம் போட்டுக் கேட்டார். மறுநாளே தட்டு மாற்றி, அந்த வாரத்திலேயே அன்னவாசலில் எளிமையாகக் கல்யாணம் முடிந்தது. சோலையப்பன் பந்தியில் நின்று எல்லாரையும் சாப்பிடச் சொன்னார், தான் சாப்பிடவில்லை. "இனிமே என்ன செய்யப் போறீக?" என்று அழகி காதோடு கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. உதயசூரியன் விமானம் ஏறின பிறகும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் மோட்டார் போட வேண்டுமே என்று பதறி, பிறகு அந்த வேலை இல்லை என்று நினைவு வந்து, பாயிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கண்ணப்பன் கூப்பிட்டார்.

"சோலையப்பன்ங்களா? நல்லாயிருக்கீங்களா?"

இருபது வருடத்தில் அவர் 'ங்க' போட்டதில்லை. சோலையப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"நாளைக்குப் படைப்புக்கு எல்லாரும் திருச்சியில வந்து எறங்கறாங்க. கார் ரெடியா நிக்குது, ஓட்ட ஆள் அமையல. இப்ப நீங்க வெளியாளுதானே, அதனால எந்தச் சிக்கலும் இல்ல. ஒரு நாளைக்கு வந்து ஓட்டிக் குடுங்க. உங்க கூலி என்னன்னு சொல்லுங்க."

சோலையப்பனுக்கு எரிச்சலாக வந்தது. அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று நினைத்தார். பேரம் பேசிக் கசந்து அவர்களே வைத்துவிட்டுப் போகட்டும் என்று, அந்த வீட்டில் தான் வாங்கிய மாதச் சம்பளத்தில் சரிபாதியை ஒரு நாளைக்குக் கேட்டார். கேட்டுவிட்டு மறுமுனையின் வெடிப்புக்காகக் காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லியே" என்றார் கண்ணப்பன். "நியாயமாத்தான் கேக்கறீங்க. விடியக்காலம் வந்துருங்க."

சோலையப்பன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்தது, கூடவே யாரையாவது அறைய வேண்டும்போலவும் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்த முதல் 'நியாயம்' அது.

"யாருங்க போன்ல?" என்றாள் அழகி.

"சவாரி" என்றார்.